அறுநூற்றுப் பதினோரு பொய் மணிகள்

"தெனம் ஒரு தபா டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்," என்றான் பென்னி.

"எத்தினி மணிக்கு?" என்றாள் பிரின்சி.

"ஆறு பத்துக்கு. வண்டி அந்நேரம் செட்டுக்கு வந்துரும். ஒரே ஒரு ரிங்கு வரும், கட் ஆயிரும். நீ எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன். அப்ப ஐஸ் அனுப்பணுமா?"

"வேணாம். அது சும்மா."

"சும்மான்னா? இன்னா அர்த்தம்?"

பென்னி கவுண்டர் மேல் இருந்த ஈரத்தை விரலால் இழுத்து ஒரு கோடு போட்டான். பிறகு அந்தக் கோட்டை அழித்தான்.

"அது... அப்பறமா சொல்றேன்," என்றான்.

இந்தப் பேச்சு பென்னியின் மனதில் ஓடாத நாள் கிடையாது. 2006 ஜூன் மாதம், கவரைப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸ் கம்பெனியில் நடந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம், பி.காம். படித்துவிட்டு ஐஸ் பதிவேடு எழுதும் பிரின்சி. இந்தப் பக்கம், பத்தாம் வகுப்பில் இரண்டு முறை நின்றுபோய் மினி லாரி ஓட்டும் பென்னி. அவன் சொன்ன அந்த 'அப்புறம்' இரண்டு வருஷமாகியும் வந்து சேரவில்லை.

எதற்காக அந்த டெஸ்ட் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பென்னியின் முதலாளி அஸ்கர் அலி பாய்க்குப் பழவேற்காட்டில் இறால் வியாபாரம். இறாலை ஐஸ் பெட்டியில் ஏற்றிக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் உறைய வைக்கும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பென்னியின் வேலை. வழியில் கவரைப்பேட்டை கேட். ஒரு கூட்ஸ் வண்டி வந்தால் அதன் கடைசிப் பெட்டி போவதற்குள் லாரியில் ஐஸ் தண்ணீராகிவிடும். அதனால் பென்னி ஒரு வேலை செய்தான். வீணாய்ப்போன பிரிட்ஜிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பழைய செல்போனின் பட்டனோடு ஒயர் வைத்து இணைத்து, பிரியாணி பார்சல் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு இறால் பெட்டிக்குள் கட்டிவிட்டான். பெட்டிக்குள் சூடு ஏறினால் தெர்மோஸ்டாட் 'டக்' என்று ஒட்டும். உடனே ஐஸ் கம்பெனியில் பிரின்சியின் போன் அடிக்கும். அவள் அதை எடுக்காமல், இரண்டு கட்டி ஐஸை ட்ரைசைக்கிளில் ஏற்றிவிடுவாள். லாரி எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டியதே இல்லை. கேட்டில்தான் நிற்கும்.

இறால் பெட்டிப் போனில் பத்து ரூபாய் போட்டால் வருஷம் முழுக்க வரும். யாரும் எடுக்காத வரைக்கும். மிஸ்டு கால் கொடுத்தால் எடுக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த நாகரிகம். வந்து சேர்ந்தேன் என்றால் ஒன்று, கீழே நிற்கிறேன் என்றால் இரண்டு. எடுத்துப் பேசுகிறவனை மனிதர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

சூடு ஏறாத நாளிலும் மாலை ஆறு பத்துக்குப் பென்னி பெட்டிக்குள் கைவிட்டு அந்தப் பட்டனைத் தானே ஒரு முறை அமுக்குவான். அதுதான் டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை தவிர.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் இந்தக் கதை இல்லை. நடுவில் ஒரு மையம் வந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள், லாரி எடை போடும் மேடைக்கு மேலே இருந்த மாடியில், 'சரக்குப் போக்குவரத்து இணைப்புக் கருவிகள் காப்புரிமைப் போக்கு வளர்ச்சி மையம்' என்று ஒரு பலகை மாட்டினார்கள். பலகை எழுதியவர் 'வளர்ச்சி' வரை எழுதிவிட்டு இடமில்லை என்று சொல்லிவிட்டார். 'மையம்' மட்டும் தனிப் பலகையில் மாடிப்படி மேல் இருந்தது. அது அரசா, சங்கமா, கம்பெனியா என்று யாருக்கும் தெரியாது. முத்திரை இருந்தது, அதனால் யாரும் கேட்கவில்லை.

மையத்தின் சொத்து ஒரு வரைபடம். லாரிகளில், கிடங்குகளில், பெட்டிகளில் பொருத்தி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கருவிகளுக்கு வருஷா வருஷம் எத்தனை காப்புரிமை விண்ணப்பங்கள் வருகின்றன என்பதைக் காட்டும் சிவப்புக் கோடு. 2004-இல் சைபர். 2005-இல் ஒன்று, அது இயக்குநர் வீரராகவன் தன் சுழல் நாற்காலிக்காகப் போட்டது. அதற்குப் பிறகு கோடு விர்ரென்று எழும்பி, 2011-இல் சட்டத்தைத் தாண்டிச் சுவரில் கொஞ்ச தூரம் போயிருந்தது.

"சார், இன்னும் 2011 வரவே இல்லியே?" என்று பெருக்க வந்த முத்தம்மா ஒருமுறை கேட்டாளாம்.

"கோட்டை முதலில் வரைந்துவிட வேண்டும் அம்மா," என்றார் இயக்குநர். "போக்கு என்பது அதுதான். விண்ணப்பங்கள்தான் கொஞ்சம் பின்தங்கியிருக்கின்றன."

கீழே எடை மேடையில் ஒவ்வொரு லாரி ஏறும்போதும் மாடி லேசாக ஆடும். வரைபடம் ஒரு பக்கம் சாயும். சிவப்புக் கோடு கீழ்நோக்கி இறங்குவது போலத் தெரியும். முத்தம்மாவின் முக்கியமான பணி, ஓடிப்போய் அதை நிமிர்த்துவது. ஒரு நாளைக்குத் தொண்ணூறு லாரி.

2008 மார்ச் மாதம் பத்தாம் தேதி, இருபத்து நான்கு விண்ணப்பங்கள் குறைவாக இருப்பது தெரிந்து, இயக்குநர் ஜீப்பை எடுத்துக்கொண்டு கண்டுபிடிப்பாளர்களைத் தேடிப் புறப்பட்டார். தொழிற்சாலை வாசலில் இறால் இறக்கிக்கொண்டிருந்தான் பென்னி. பெட்டிக்குள்ளிருந்து ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"போனு சார்."

"இறாலுக்கு எதற்குப் போன்?"

பென்னி சொன்னான். சொல்லச் சொல்ல இயக்குநரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் அவர் ஜீப்பில் இருந்த ஆய்வாளர் அருணாச்சலத்தைத் திரும்பிப் பார்த்து, "அருணாச்சலம், இணைக்கப்பட்ட கருவி!" என்று கூவினார்.

"இணைக்கல சார், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கிறேன்," என்றான் பென்னி பயந்துபோய்.

"தம்பி, நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"பொன்னேரி சார்."

"நீங்கள் ஒரு கண்டுபிடிப்பாளர். உங்களுக்கு மையம் ஒரு சான்றிதழ் தரும். முத்திரையோடு."

இந்த இடத்தில்தான் பென்னி விழுந்தான். அவனுக்குக் காப்புரிமை வேண்டாம், பேரும் வேண்டாம். ஆனால் சான்றிதழ் வேண்டும். பிரின்சியின் அப்பா சாலமோன் இரும்பு ஆலையில் போர்மேன். அவர் வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்ட இடம் இருக்காது. மகளின் பி.காம். பட்டம், மகளின் டைப்ரைட்டிங் லோயர், மனைவி கிரேஸ் ஞாயிறு பள்ளிப் போட்டியில் வாங்கிய இரண்டாம் பரிசு, ஆலையில் ஒரு வருஷம் விபத்தில்லாமல் இருந்ததற்குக் கொடுத்த காகிதம், எல்லாம் கண்ணாடி போட்டுத் தொங்கும். "கையில ஒரு பேப்பரு இல்லாதவனுக்கு எப்டிப்பா பொண்ணு குடுக்கறது?" என்று வேறு யாரையோ பற்றிச் சபையில் அவர் சொன்னது பென்னியின் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

"கண்ணாடி போடலாமா சார், அந்தச் சான்றிதழ?" என்று கேட்டான்.

"கண்ணாடி போடத்தானே கொடுக்கிறோம்!" என்றார் இயக்குநர். அவர் சொன்னதிலேயே முழு உண்மை அதுதான்.

மறுநாள் மாடிக்குப் போனபோது பென்னிக்காக இருபத்து நான்கு விண்ணப்பங்கள் காத்திருந்தன.

"நான் ஒண்ணுதானே சார் பண்ணேன்?"

"உங்களுக்கு ஒன்று. கோட்டுக்கு இருபத்து நான்கு," என்றார் அருணாச்சலம். அவர் ஒல்லியான, நேர்மையான மனிதர். முட்டாள்தனத்தைக்கூட அளவு பிசகாமல் செய்வார். போனுக்கு ஒன்று, ஒயருக்கு ஒன்று, பிரியாணிக் கவருக்கு ஒன்று. ரப்பர் பேண்டுக்கு ஒன்று; அது அறுந்தால் போடும் சைக்கிள் டியூப் வளையத்துக்கு இன்னொன்று. 'அழைப்பை ஏற்காதிருக்கும் முறை' என்று தனியாக ஒன்று. பென்னி கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்து இருபத்து மூன்றாவதில் நின்றான். 'ரயில்வே கேட்டில் சரக்கு வாகனம் நிற்கும் முறை.'

"கேட்ட நான் கண்டுபிடிக்கல சார்."

"நிற்பது நீங்கள்தானே?"

"எல்லாரும் நிக்கறாங்க சார்."

"எல்லாரும் நிற்கிறார்கள். யாரும் விண்ணப்பிக்கவில்லை."

பென்னி கையெழுத்துப் போட்டான். அன்று மாலை முத்தம்மா ஸ்டூல் போட்டு ஏறி வரைபடத்தில் பொட்டு வைத்தாள். இயக்குநர் எல்லாருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.

விண்ணப்பங்களை ஊர் அறியப் படித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்களாம். அருணாச்சலம் விளக்கியபோது பென்னிக்கு அது ஒன்றுதான் சட்டென்று புரிந்தது. "சர்ச்சுல கல்யாண ஓலை படிக்கிற மாறி!" என்றான். தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்ததும் காது சிவந்தது.

ஆட்சேபணை வந்தது. பதிவுத் தபாலில் வந்தது. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கப் பென்னி பாதி நாள் லீவு எடுக்க வேண்டியிருந்தது. ரப்பர் பேண்டு விண்ணப்பதாரர் பென்னி அவர்கள், சைக்கிள் டியூப் வளையம் தன்னுடையதைப் போலவே இருப்பதாக, சைக்கிள் டியூப் விண்ணப்பதாரர் பென்னி அவர்கள் மீது ஆட்சேபித்திருந்தார்.

"சார், ரெண்டும் நான்தான்."

"அது விசாரணையில் தெரியவரும்," என்றார் அருணாச்சலம்.

"நான் எந்தப் பென்னியா சார் வரணும்?"

"இருவரும் வர வேண்டும். ஒருவர் வராவிட்டால் அவருக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடும்."

இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ரப்பர் பேண்டு பற்றிப் பேசும்போது இடது நாற்காலி. டியூப் பற்றிப் பேசும்போது வலது. பென்னி எழுந்து எழுந்து உட்கார்ந்தான். ஒருமுறை அவசரத்தில் இடது நாற்காலியிலிருந்து டியூபுக்கு ஆதரவாகப் பேசிவிட, "எதிர்த்தரப்புக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்," என்று அருணாச்சலம் கண்டித்தார். முத்தம்மா இரண்டு டீ கொண்டுவந்து இரண்டு நாற்காலி முன்னாலும் வைத்தாள். முடிவில் சைக்கிள் டியூப் பென்னி தோற்றார். அவர் ரப்பர் பேண்டு பென்னிக்கு ஒரு வருத்தக் கடிதம் எழுதித் தர வேண்டும். ரப்பர் பேண்டு பென்னி அதைப் பெருந்தன்மையோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டும்.

"இன்னாடா ஆச்சு?" என்று அஸ்கர் அலி பாய் கேட்டார்.

"ஜெயிச்சிட்டேன் பாய். தோத்தும் போயிட்டேன்."

"பேஜாரு புடிச்ச ஆபீசுடா அது. வுட்டுட்டு வா."

"சான்றிதழ் குடுக்கட்டும் பாய்."

பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனுக்குப் பேப்பரு எதுக்குன்னு எனுக்குத் தெரியும்டா. தெனம் ஆறு பத்துக்கு எறால் பெட்டிக்குள்ள தலைய வுட்டுக்கினு இன்னா பண்றன்னும் தெரியும். வாயத் தொறந்து கேளேண்டா!"

"பேப்பரு வரட்டும் பாய்."

மே மாதம் கருத்தரங்கு நடந்தது. வெளியூரிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். இயக்குநர் பேசினார்:

"கண்டுபிடிப்பு என்பது எதிர்பாராமல் நடப்பது. ஆனால் அதை எதிர்பாராமல் விட்டுவிட முடியாது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் நடந்தாக வேண்டும். உலகமெங்கும் லாரி எங்கே போகிறது என்று கண்காணிக்கிறார்கள். நாம் அந்தத் தவறைச் செய்யவில்லை. நாம் கோடு எங்கே போகிறது என்று கண்காணிக்கிறோம். லாரி பழுதாகும், டயர் வெடிக்கும். கோடு இதுவரை ஒருநாளும் நின்றதில்லை!"

கீழே ஒரு லாரி எடை மேடை ஏறியது. கோடு சாய்ந்தது. முத்தம்மா ஓடினாள். கைதட்டல்.

அடுத்தது செயல் விளக்கம். பென்னியின் லாரி இறாலோடு கவரைப்பேட்டை கேட்டில் நிற்கும். பெட்டி சூடானதும் பிரின்சிக்குப் பதில் இயக்குநரின் போன் அடிக்க வேண்டும். அவர் அதை எல்லாருக்கும் காட்டிவிட்டுப் பிரின்சிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஐஸ் போகும். பென்னி நம்பரை மாற்றிக் கொடுத்தான். இயக்குநர் எடுத்துவிடுவாரோ என்ற பயம் அவனுக்குத் துளியும் இல்லை. வீரராகவன் போனை எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. அவர் மனைவியே முத்தம்மாவுக்குத்தான் போன் செய்வார்.

போன் அடித்தது. மேடையில், மாலையோடு, மைக்குக்கு முன்னால் நின்றிருந்த இயக்குநர், பதவிக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, முதல் மணியிலேயே எடுத்தார்.

"வணக்கம். வீரராகவன் பேசுகிறேன்."

மறுமுனையில் இருந்தவை நூற்றிருபது கிலோ இறால். அவை ஒன்றும் சொல்லவில்லை. யாரும் குறுக்கே பேசாதது இயக்குநருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மையத்தின் நோக்கம், சாதனைகள், அடுத்த ஆண்டின் இலக்கு எல்லாவற்றையும் விளக்கினார். ஒன்பதாவது நிமிஷம் பெட்டிப் போனில் காசு தீர்ந்து தொடர்பு அறுந்தது. இயக்குநர் மன நிறைவோடு போனைப் பைக்குள் போட்டார். ஐஸுக்குச் சொல்ல வேண்டும் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கேட்டில் அன்றைக்குப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கூட்ஸ்.

"எறாலுக்கு லெக்சர் அடிச்சிக்கினு இருந்தாரா?" என்றார் அஸ்கர் அலி பாய், லாரியின் பின்கதவைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு. கோபப்படத்தான் நினைத்தார். சிரிப்பு வந்துவிட்டது. "பாவம்டா. அதான் செத்துருக்குது."

'இருவழித் தொடர்பு வெற்றி. மறுமுனையில் கண்ணியமான கவனிப்பு' என்று மையத்தின் குறிப்பேட்டில் எழுதப்பட்டது.

ஜூன் கடைசி வாரம் திங்கட்கிழமை, கேட் மூடியிருந்த நேரத்தில் பென்னி ஐஸ் கம்பெனிக்கு எட்டிப் பார்த்தான். பிரின்சி பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம அரக்கோணத்துலேர்ந்து வராங்க."

"ஐஸு வாங்கவா?"

"என்னப் பாக்க."

"இன்னா... இன்னா வேல?"

"ரயில்வேல. கேட் கீப்பரு."

உலகத்தில் எத்தனையோ வேலை இருக்கிறது. "கேட்ட மூடறவனா!" என்றான் பென்னி.

"தொறக்கவும் தொறப்பாரு." அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "சில பேரு மூடனது மூடனதுதான். வாய."

"வெள்ளிக்கெழம கடைசி விசாரண, பிரின்சி. சான்றிதழ் குடுத்துருவாங்க. சனிக்கெழம கண்ணாடி போட்டுருவேன். அதுக்கப்பறம்..."

"அப்பறமா," என்றாள் அவள். "தெரியுமே. உனுக்கு எப்பவும் அப்பறமாதான்." மேஜை இழுப்பிலிருந்து ஒரு நீளமான பழுப்பு உறையை எடுத்துக் காட்டினாள். "என்னையும் கூப்ட்டுக்கிறாங்க. சாட்சியாம். 'பெறுநர்'னு போட்டுக்குது. எங்க நைனா அந்த லெட்டரையே கண்ணாடி போடலாமான்னு கேக்கறாரு."

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு விசாரணை. சாலமோன் ஆலையில் லீவு சொல்லிவிட்டு, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில், மகளோடு வந்து உட்கார்ந்திருந்தார். முத்திரை போட்ட கடிதத்துக்கு அவர் கொடுக்கும் மரியாதை அது. பென்னியைப் பார்த்து, "இன்னா நைனா, பெரிய ஆளாயிட்ட!" என்றார். பென்னிக்கு அரை சான்றிதழ் வந்துவிட்டது போல இருந்தது.

மேஜை நடுவில் இறால் பெட்டிப் போன். அதைப் பொருள் சாட்சி என்று ஒரு துணிப்பையில் போட்டு, நூல் கட்டி, அரக்கு வைத்து மூடியிருந்தார்கள். இயக்குநர் தன் காப்புரிமைக்குரிய நாற்காலியில் சுழன்றபடி இருந்தார். டைப்ரைட்டர் முன்னால் ஒரு கிழவர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இருபத்து மூன்று விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேறின. சைக்கிள் டியூப் மட்டும் ஏற்கெனவே தோற்றிருந்தது. சான்றிதழ்கள் எழுதித் தயாராக இருந்தன, முத்திரைதான் பாக்கி. பென்னி அந்த முத்திரைக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு சந்தேகம்," என்றார் அருணாச்சலம். "கருவி எத்தனை முறை சரியாக வேலை செய்தது என்பதற்குப் பெறுநரின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்."

பிரின்சி பையிலிருந்து இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். ஒரு நொடி அதை விடாமல் பிடித்திருந்துவிட்டுத்தான் விட்டாள். பென்னிக்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாது.

அருணாச்சலம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். அந்த நேர்மையான முகம் இருண்டது.

"சார், கருவி இரண்டு ஆண்டில் அறுநூற்று முப்பது முறை அடித்திருக்கிறது. ஐஸ் போனது பத்தொன்பது முறைதான். மீதி அறுநூற்றுப் பதினொன்றும் மாலை ஆறு பத்துக்கு அடித்தவை. லாரி செட்டில் நிற்கிறது. பெட்டி காலி. சூடு இல்லை. இறால்கூட இல்லை. சார், இவை பொய் மணிகள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பொய் சொல்லும் கருவி!"

இயக்குநரின் நாற்காலி சுழல்வதை நிறுத்தியது. "அப்படியானால் கோடு?"

"இருபத்து மூன்று பொட்டையும் அழிக்க வேண்டும் சார்."

முத்தம்மா ஸ்டூலைப் பார்த்தாள். சாலமோன் பென்னியைப் பார்த்தார். முன்பு பார்த்த பார்வை இல்லை அது. "தப்பு மிஷினா?" என்று மகளிடம் மெல்லக் கேட்டார்.

"தப்பு மணி இல்ல சார்," என்றாள் பிரின்சி, எழுந்து நின்று. "ஒரு நாளும் ஒரு நிமிஷம் முன்னபின்ன அடிச்சதில்ல. பொய்யின்னா எப்டி சார் அத்தினி நாளும் கரெக்டா அடிக்கும்?"

"அப்படியானால் அதன் பொருள் என்ன? உங்கள் பதிவேட்டில் 'காரணம்' என்று நீங்களே பத்தி போட்டிருக்கிறீர்கள்." அருணாச்சலம் முதல் பக்கத்தைத் திருப்பிச் சத்தமாகப் படித்தார். "'ஜூன் 12. ஆறு பத்து. ஐஸ் அனுப்பவில்லை. காரணம்: அப்புறம் சொல்வதாகச் சொன்னார்.' அதற்குக் கீழே மேற்படிக் குறி. அதற்குக் கீழேயும் மேற்படி. மேற்படி. மேற்படி. கடைசிப் பக்கம் வரை மேற்படி. இது என்ன காரணம் அம்மா?"

பிரின்சி தலை குனிந்துகொண்டாள். அவள் சீவிய வகிடு வரை சிவந்திருந்தது.

பென்னி அந்த நோட்டையே பார்த்தான். அறுநூற்றுப் பத்து மேற்படிக் குறி. ஒவ்வொன்றையும் அவள் அளந்து, நேர்க்கோட்டில், அழகாகப் போட்டிருந்தாள். அவன் அமுக்கிய ஒவ்வொரு முறைக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு பேனா திறந்திருக்கிறது. எடுக்காத போனுக்கு இப்படி ஒரு பதில் உண்டு என்று அவனுக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

"விண்ணப்பதாரர் சொல்ல வேண்டும்," என்றார் அருணாச்சலம். "விதி எண் பதினேழு. கருவி தரும் ஒவ்வொரு சைகைக்கும் பொருளைக் கண்டுபிடித்தவரே தன் வாயால், தெளிவான சொற்களில் வெளியிட வேண்டும். சொன்னால் மணி மெய். சொல்லாவிட்டால் பொய். வேறு வழியில்லை."

"எப்படியாவது சொல்லிவிடுங்கள் தம்பி," என்று இயக்குநர் மன்றாடினார். "கோடு உங்கள் கையில் இருக்கிறது."

சுவர்க் கடிகாரம் ஆறு ஒன்பது காட்டியது. பென்னியின் கை, பழக்கத்தில், தானாக மேஜையில் இருந்த துணிப்பையை நோக்கிப் போனது.

"பொருள் சாட்சியைத் தொடக் கூடாது. அரக்கு," என்றார் அருணாச்சலம்.

கை திரும்பிவந்தது. இனி வாய்தான் மிச்சம். முள் ஆறு பத்துக்கு நகர்ந்தது. பிரின்சி தன் மடியில் இருந்த போனைப் பார்த்தாள். அது அடிக்கவில்லை. அடிக்காத அந்தப் போனிலிருந்து கண்ணை எடுத்து, முதல் நாள் கவுண்டரில் பார்த்தது போலவே அவனைப் பார்த்தாள்.

பென்னி ஏதோ சொன்னான். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

"பதிவுக்குக் கேட்கவில்லை," என்றார் டைப்ரைட்டர் கிழவர், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு. "உரக்க."

கீழே எடை மேடையில் ஒரு பெரிய லாரி ஏறியது. மாடி ஆடியது. சிவப்புக் கோடு மெல்லச் சாய்ந்து கீழே இறங்கியது. முத்தம்மா நகரவில்லை. இயக்குநரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் பென்னியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பென்னி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். அருணாச்சலத்தைப் பார்க்கவில்லை, முத்திரைக் கட்டையைப் பார்க்கவில்லை. கண்ணாடி போட ஒன்றுமில்லாத வெறும் கையோடு அவள் பக்கம் திரும்பி, கீழே லாரிக்காரனுக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்:

"பிரின்சி, நீ என்னக் கல்யாணம் பண்ணிக்கணும்."